படவேட்டு ஆமைக்கட்டியும் சென்னை டாக்டர் டோனவனும்

எங்க தாத்தா வயித்துல, இடது பக்க விலா எலும்புக்குக் கீழ, மூணு தழும்பு இருக்கு. எட்டணா அகலத்துக்கு, வட்டமா. சின்ன வயசுல அதைத் தொட்டுப் பார்த்து விளையாடுவேன். "இது இன்னா தாத்தா"ன்னு கேட்டா, "ஆமக்கட்டிக்கு சூடு போட்டாங்கடா"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவார். ஆமைக்கட்டின்னா ஆமை கடிச்ச காயம்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன் :-)

போன ஆடி மாசம் ரேணுகாம்பாள் கோவிலுக்குப் படவேடு போயிருந்தப்பதான் முழுக்கதையும் வந்துச்சு. ஆடி வெள்ளின்னா படவேட்டுல நிக்க இடம் கிடைக்காது. சந்தவாசல்ல இருந்தே வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். கூட்டம் குறையட்டும்னு வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தோம். எதிர்ல ஜவ்வாது மலை, நடுவுல வாழைத் தோப்பு. தாத்தா சட்டை போடாம உக்காந்திருந்தார். திரும்பவும் கேட்டேன்.

தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ரெண்டு பேருக்குமே காய்ச்சல் வந்து வந்து போச்சாம். அப்புறம் வயிறு வீங்கிச்சு. கையை வச்சா ஆமை ஓடு மாதிரி கெட்டியா இருக்கும், அதான் ஆமைக்கட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே இரும்புக் கம்பியைக் காய்ச்சி சூடு போட்டாங்க. அம்மன் கோவில் விபூதியும் பூசினாங்க. தாத்தா பிழைச்சார். தம்பி பிழைக்கலை. அப்போ அவருக்கு 12 வயசு. இன்னிக்கும் எங்க வீட்டுல அவரைச் 'சின்னத் தாத்தா'ன்னுதான் சொல்லுவோம். பன்னிரண்டு வயசுலயே போன பையனுக்குத் தாத்தா பட்டம்.

"இன்னா நோவுன்னு யாருக்குத் தெரியும். மலைக்காத்து பட்டுச்சுன்னு சொன்னாங்க" – தாத்தா சொன்னது இவ்வளவுதான்.

நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. மருத்துவத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனா ஒரு பிரச்சினைக்கு மூல காரணம் தெரியாம டிக்கெட்டை மூடினா ராத்திரி தூக்கம் வராத ஜாதி. பெங்களூர் திரும்பினதும் 'மண்ணீரல் வீக்கம்' என்று தேட ஆரம்பிச்சு, எங்கெங்கோ போய், கடைசியில் 1903ஆம் வருஷத்து சென்னையில் போய் நின்னேன். அங்கேயும் ஒரு பையன். அவனுக்கும் வயசு 12. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

மண்ணீரல் வீங்கினா அது மலேரியா – நூறு வருஷத்துக்கு முன்னாடி டாக்டர்களுக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஒரு ஊருல மலேரியா எவ்வளவு இருக்குன்னு பார்க்க, பள்ளிக்கூடப் பசங்களை வரிசையா நிக்க வச்சு வயித்தை அமுக்கிப் பார்த்து, நூத்துக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுதுன்னு எண்ணுவாங்க. ஆனா சில பேருக்கு மட்டும் கொய்னா கொடுத்தும் காய்ச்சல் போகாது. மாசக்கணக்கா உடம்பு வத்தி, வயிறு மட்டும் பெருத்து, தோல் கறுத்து, கடைசியில் செத்துப் போவாங்க. அசாம்ல இதுக்குக் 'காலா அசார்'னு பேரு. கறுப்பு நோய். நம்ம ஆளுங்க கருங்காய்ச்சல்னு எழுதறாங்க. சிகிச்சை இல்லேன்னா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல சாவுதான். அசாம்ல நௌகாங் மாவட்டத்தில் மட்டும் 1891க்கும் 1901க்கும் நடுவுல மக்கள்தொகை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. அதுக்கு முக்கியக் காரணம் இந்த நோய்தான்.

அரசாங்கம் சும்மா இருக்கலை. முதல்ல ஜைல்ஸ்னு ஒரு டாக்டரை அனுப்பினாங்க. அவர் பார்த்துட்டு "இது கொக்கிப்புழு" என்றார். அடுத்து லெனார்ட் ராஜர்ஸ் போனார். "இது மலேரியாவின் ஒரு வகை" என்றார். அப்புறம் 1898ல ரொனால்ட் ராஸையே அனுப்பினாங்க. ஆமாங்க, 1897ல செகந்தராபாத்ல கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சு, 1902ல நோபல் வாங்கினாரே, அவரேதான். (அந்த வருஷமே நம்ம ஊட்டிக்குக் கீழ இருக்கிற சீகூர் மலைப்பாதைக்கு ஆராய்ச்சிக்குப் போய் அவருக்கே மலேரியா வந்தது தனிக்கதை.) உலகத்திலேயே மலேரியாவை அதிகம் தெரிஞ்ச மனுஷன். அவரும் பார்த்துட்டு மலேரியா சம்பந்தப்பட்டதுதான்னு சொல்லிட்டார். கையில சுத்தி இருக்கிறவனுக்குப் பார்க்கிறதெல்லாம் ஆணியாத் தெரியும் போல. ராஸுக்கே அந்தக் கதின்னா நமக்கெல்லாம் என்ன.

இப்போ சென்னைக்கு வருவோம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற பெரியாஸ்பத்திரி. அங்கே வேலை பார்த்தவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் 1863ல பிறந்த ஐரிஷ்காரர். சின்ன வயசுல அயர்லாந்துக்குப் போய் அங்கேயே டாக்டருக்குப் படிச்சு, 1891ல இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பல ஊர் சுத்திட்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கிட்டு, ஆஸ்பத்திரியிலும் பார்த்துக்கிட்டு இருந்தார். நம்ம ராயப்பேட்டை ஆஸ்பத்திரி 1911ல வந்தப்போ அதுக்கு முதல் கண்காணிப்பாளரும் இவர்தான். பொழுதுபோக்கு பட்டாம்பூச்சி சேகரிக்கிறது.

சென்னையிலும், குறிப்பா ஜார்ஜ் டவுன் பக்கத்துல இருந்து, இப்படிப்பட்ட நோயாளிகள் வந்துட்டே இருந்தாங்க. பெரிய மண்ணீரல், தீராத காய்ச்சல். ஏட்டுல 'நாள்பட்ட மலேரியா'ன்னு எழுதி வச்சிருப்பாங்க. ஆனா ரத்தத்துல மலேரியாக் கிருமி கிடைக்காது. டோனவனுக்கு இது உறுத்திக்கிட்டே இருந்தது. 1903 ஏப்ரல்ல, இப்படிச் செத்துப்போனவங்க மண்ணீரலை எடுத்துக் கண்ணாடியில தேய்ச்சுப் பார்த்தார். குட்டிக் குட்டியா முட்டை வடிவத்துல என்னமோ இருந்தது. உள்ளுக்குள்ள ரெண்டு புள்ளி, ஒண்ணு பெருசு, ஒண்ணு குச்சி மாதிரி சின்னது. என்னன்னு புரியலை. எடுத்து வச்சுட்டார்.

அடுத்த மாசம், மே 30ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வில்லியம் லீஷ்மன் என்கிற ராணுவ டாக்டர் ஒரு கட்டுரை எழுதறார். (நம்ம லேப்கள்ல ரத்தப் பரிசோதனைக்கு லீஷ்மன் சாயம்னு ஒண்ணு போடுவாங்களே, அந்த லீஷ்மன்.) கல்கத்தா பக்கத்துல டம்டம்ல வேலை பார்த்துட்டு, காய்ச்சலோட இங்கிலாந்து திரும்பிய ஒரு சிப்பாய் 1900ல நெட்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் மண்ணீரல்ல இதே முட்டை உருவங்களை லீஷ்மன் பார்த்திருக்கார். ரெண்டரை வருஷம் அதைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சு, "இது டிரிப்பனோசோம் என்கிற ஒட்டுண்ணி செத்து உருக்குலைஞ்ச மிச்சமா இருக்கலாம்"னு எழுதினார். ஆப்பிரிக்காவில் தூக்க நோய் வரவைக்குதே, அந்த வகை.

கட்டுரை கப்பல்ல வந்து டோனவன் கைக்குச் சேருது. அவருக்கு உடனே ஒண்ணு தோணியிருக்கும்: நான் பார்த்ததும் செத்தவங்க உடம்புல, லீஷ்மன் பார்த்ததும் செத்தவன் உடம்புல. செத்த பிறகு அழுகி இப்படி ஆச்சா, உயிரோட இருக்கும்போதே இப்படித்தான் இருக்கா? எங்க பாஷையில் சொன்னா, ரெண்டு பேரும் கையில வச்சிருந்தது க்ராஷ் ஆன பிறகு எடுத்த டம்ப். ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்துல யாரும் பார்க்கலை.

1903 ஜூன் 17. டோனவன் ஒரு 12 வயசுப் பையனோட மண்ணீரல்ல, அவன் உயிரோட இருக்கும்போதே, ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார்.

இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் ஸ்கிரீனை விட்டு எழுந்து போயிட்டேன். மண்ணீரல்ங்கிறது ரத்தம் ஊறின பஞ்சு மாதிரி. வீங்கின மண்ணீரல்ல ஊசி குத்தினா உள்ளேயே ரத்தம் கசிஞ்சு ஆள் போயிடலாம். அந்தப் பையன்கிட்டயோ அவன் அப்பா அம்மாகிட்டயோ என்ன சொன்னாங்க, சம்மதம் கேட்டாங்களான்னு நினைக்காம இருக்க முடியலை. வரலாற்றுல அவன் வெறும் 'பன்னிரண்டு வயதுப் பையன்'. அவ்வளவுதான்.

ஆனா அந்தச் சொட்டு ரத்தத்துல அதே முட்டை உருவங்கள் இருந்தன. உயிரோட இருக்கிற மனுஷனுக்குள்ள. அப்போ அது அழுகின மிச்சம் இல்லை, உருக்குலைஞ்ச டிரிப்பனோசோமும் இல்லை. அது ஒரு தனிக் கிருமி. டோனவன் உடனே கடிதம் எழுதினார், ஜூலை 11ஆம் தேதி அதே பத்திரிகையில் வந்தது. கண்ணாடித் தகடுகளை லிவர்பூல்ல இருந்த ராஸுக்கும், பாரீஸ்ல இருந்த லாவெரானுக்கும் அனுப்பினார்.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க குடுமிப்பிடி. லாவெரானும் மெனிலும் பார்த்துட்டு, மாட்டுக்கு வர்ற ஒரு கிருமியோட கூட்டத்துல இதைச் சேர்த்து 'பைரோபிளாஸ்மா டோனவனி'ன்னு பேர் வச்சாங்க. லீஷ்மனுக்கு அதுல இடமே இல்லை. லீஷ்மன் தரப்புக்கு வருத்தம், நான்தானே முதல்ல எழுதினேன்னு. டோனவனுக்கும் வருத்தம், நான் லீஷ்மன் எழுதறதுக்கு முன்னாடியே பார்த்தேனேன்னு. கடைசியில் ராஸ் பஞ்சாயத்து பண்ணினார். 1903 நவம்பர்ல, இது எந்தக் கூட்டத்துலயும் சேராத புது இனம்னு சொல்லி 'லீஷ்மேனியா டோனவனி'ன்னு ரெண்டு பேர் பேரையும் கோத்து வச்சார். நாலு வருஷம் முன்னாடி இதை மலேரியான்னு சொன்ன அதே ராஸ். தான் தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டாரே, அதுக்கே ஒரு சபாஷ். (இதே குடும்பத்துக் கிருமியை போரோவ்ஸ்கி என்கிற ரஷ்யர் 1898லயே தாஷ்கண்ட்ல பார்த்து ரஷ்ய மொழியில் எழுதியிருந்தார். மேற்கே யாரும் படிக்கலை. தாய்மொழியில் எழுதறவங்க கஷ்டம் நமக்குத் தெரியாததா.)

கிருமி கிடைச்சாச்சு. அது ஆள்விட்டு ஆள் எப்படிப் போகுது? இங்கேதான் கதை நீளுது. நாப்பது வருஷம்!

சென்னையில் பல பேருக்குச் சந்தேகம் மூட்டைப்பூச்சி மேல. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல பாட்டன் என்கிற பூச்சி நிபுணர் இருந்தார். 1907ல மூட்டைப்பூச்சி வயித்துக்குள்ள இந்தக் கிருமி வால் முளைச்சு வளர்றதைக் காட்டினார். ஜார்ஜ் டவுன் வீடுகள்ல மூட்டைப்பூச்சிக்கா பஞ்சம்? கணக்கு பொருந்துது. டோனவனுக்கு அதுல நம்பிக்கை இல்லை. அவர் ரத்தம் குடிக்கிற வேறொரு பெரிய பூச்சியைச் சந்தேகப்பட்டார். மத்தியதரைக் கடல் நாடுகள்ல நாய்கிட்ட இருந்து இந்த நோய் வருதுன்னு தெரிஞ்சதும், சென்னைத் தெருநாய்களை நூத்துக்கணக்குல சோதிச்சுப் பார்த்தாங்க. எதுலயும் இல்லை. இந்தியாவுல இந்த நோய் மனுஷன்ல இருந்து மனுஷனுக்குத்தான் போகுதுன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும், அந்த நாய்ச் சோதனை சரியான விடையைத்தான் சொல்லியிருக்கு.

பாட்டனும், அதே கிண்டியில் வேலை பார்த்த க்ராக்கும் சேர்ந்து 1913ல மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினாங்க. அச்சடிச்சு வெளியிட்டது யார்னு நினைக்கிறீங்க? சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். பைபிள் கதைப் புத்தகம் போடுற இடத்துல ஈ, கொசு, பேன், மூட்டைப்பூச்சி எல்லாத்தையும் அறுத்துப் படம் போட்ட புத்தகம். ஸ்கேன் பண்ணினது கிடைக்குது, படங்களைப் பார்த்தாலே அசந்து போவீங்க. க்ராக் பிற்பாடு 1924ல கசௌலியில டைஃபஸ் காய்ச்சல் வந்து இறந்தார்.

இதுக்கிடையில் மருந்து வந்துடுச்சு. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, மின்சாரமே சரியா இல்லாத ஒரு சின்ன அறையில் உக்காந்து, 1920கள்ல யூரியா ஸ்டிபமைன் என்கிற ஆண்டிமனி மருந்தை உருவாக்கினார். லட்சக்கணக்கான உயிரைக் காப்பாத்தின மருந்து. நோபலுக்குப் பரிந்துரை ஆச்சு, கிடைக்கலை.

சரி, குற்றவாளி யார்? மூட்டைப்பூச்சி இல்லை. மணல் ஈ. கொசுவுல நாலில் ஒரு பங்குகூட இருக்காது. ரெக்கையை 'வி' மாதிரி தூக்கி வச்சுக்கிட்டு உக்காரும். கொசு மாதிரி ரீங்காரம் கிடையாது, சத்தமில்லாம வந்து கடிக்கும். தண்ணியில முட்டை போடாது. மண் சுவர் வெடிப்பு, மாட்டுத்தொழுவத்து ஈரமண், சாணி – அங்கேதான் குடும்பம் நடத்தும். சிண்டன்தான் முதல்ல வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்: எங்கெல்லாம் காலா அசார் இருக்கோ அங்கெல்லாம் 'வெள்ளிக்கால்' மணல் ஈ இருக்கு. 1924ல நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூணு பேரும் கல்கத்தாவுல மணல் ஈ வயித்துக்குள்ள கிருமியைப் பார்த்துட்டாங்க. ஆனா கடிச்சு நோய் வர வைக்க முடியலை. எத்தனை தடவை முயற்சி பண்ணினாலும் தோல்வி. லாக் எல்லாம் இவனைத்தான் காட்டுது, ஆனா பிரச்சினையை மறுபடி வரவழைச்சுக் காட்ட முடியலை. இந்த வேதனை சாஃப்ட்வேர்காரனுக்குப் புரியும்.

முடிச்சு அவிழ்ந்தது எதால தெரியுமா? உலர் திராட்சையால. நம்ம பாயசத்துல போடுற அதே கிஸ்மிஸ்! ஆராய்ச்சிக் கூடத்துல மணல் ஈக்கு ரத்தம் மட்டுமே கொடுத்துட்டு இருந்தாங்க. 1940 வாக்குல ஸ்மித், ஹால்டர், அஹமத் மூணு பேரும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துட்டு அப்புறம் திராட்சை கொடுத்துப் பார்த்தாங்க. காட்டுல அது செடி, பழச்சாறு எல்லாம் குடிச்சுத்தானே வாழுது. சர்க்கரை கிடைச்சதும் கிருமி கும்பல் கும்பலாப் பெருகி ஈயோட தொண்டையையே அடைச்சுக்கிச்சு. அடைப்பு இருக்கிற ஈ ரத்தம் உறிஞ்ச முடியாம, உள்ள இருக்கிறதைக் கடிபட்டவன் உடம்புலயே கக்குது. 1942ல சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூணு பேரும் அசாம்ல இதே முறையில் மணல் ஈ வளர்த்து, 5 பேரைக் கடிக்க விட்டாங்க. அஞ்சு பேருக்கும் நோய் வந்தது. வழக்கு முடிஞ்சது. இந்த அஞ்சு பேரைப் பத்திப் படிக்கும்போதும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான்.

இவ்வளவும் படிச்சுட்டு, தாத்தாவுக்கு ஃபோன் போட்டேன். சின்னத் தாத்தா போனதுக்கு அப்புறம் ஊருல என்னாச்சுன்னு கேட்டேன். "ரெண்டு வருசம் கழிச்சு மருந்தடிக்கிறவங்க வந்தாங்க. வூடு வூடா பம்பு வச்சி அடிச்சிட்டு, செவுத்துல தேதி எழுதிட்டுப் போவாங்க. மாட்டுக் கொட்டாய்கூட விடல" என்றார். டிடிடி! தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953ல ஆரம்பிச்சது. தாத்தா சொல்ற வருஷம் பொருந்துது. மலையடிவாரம், ஆத்தோரம், ரெண்டு பேருக்கும் வந்தது மலேரியாவாத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. தாத்தா எந்த மருந்தும் இல்லாம பிழைச்சதே அதுக்குச் சாட்சி. காலா அசார் அவ்வளவு லேசுல விடாது.

இதுல ஒரு வேடிக்கை. கொசுவைக் கொல்ல அடிச்ச டிடிடி, அதே சுவர்ல உக்காந்திருந்த மணல் ஈயையும் சேர்த்துக் கொன்னுடுச்சு. பீகார்ல காலா அசாரே காணாமப் போச்சு. மருந்தடிக்கிறதை நிறுத்தினதும் 1970கள்ல பெரிசா திரும்பி வந்தது. 2002ல மில்டெஃபோசின்னு வாய்வழியா சாப்பிடுற முதல் மருந்துக்கு இந்தியாவுல அனுமதி கிடைச்சது. அது புற்றுநோய்க்காகக் கண்டுபிடிச்ச மருந்து! இன்னிக்கு இந்தியாவுல இந்த நோய்னா பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம்தான். பங்களாதேஷ் 2023 அக்டோபர்ல இதை ஒழிச்ச முதல் நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்றிதழே வாங்கிடுச்சு.

ஆனா கிருமி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. 2005ல இதோட ஒண்ணுவிட்ட அண்ணனான லீஷ்மேனியா மேஜரோட ஜீன் வரிசை முழுசாப் படிக்கப்பட்டது. 36 குரோமோசோம், எட்டாயிரத்துச் சொச்சம் ஜீன். 2011ல டோனவனியோட வரிசையும் வந்தது. நமக்கு ஒரு குரோமோசோம் கூடக் குறைய இருந்தாலே பெரிய பிரச்சினை. இது தேவைக்கேத்த மாதிரி குரோமோசோம் எண்ணிக்கையை ஏத்தி இறக்கிக்குது, மருந்துக்கே டிமிக்கி கொடுக்குது. இலங்கையில் 1990கள்ல இருந்து தோல் புண்ணோட ஆட்கள் வந்தாங்க, நிறைய பேர் ராணுவத்துக்காரங்க. கிருமியைப் பிரிச்சுப் பார்த்தா, மண்ணீரலைத் தின்கிற அதே லீஷ்மேனியா டோனவனி, அங்கே தோல்ல மட்டும் புண்ணா வருது. நம்ம அகத்தியமலைப் பக்கம் காணி மக்கள்கிட்டயும் இப்படித் தோல் புண்ணைப் புதுச்சேரி வெக்டர் கன்ட்ரோல் ஆராய்ச்சி மையத்துக்காரங்க கண்டுபிடிச்சாங்க. ரொம்ப நெருக்கமான ஜீன் வரிசை, ஆனா நடத்தை வேற.

டோனவன் 1919ல ஓய்வு பெற்று இங்கிலாந்துல ஒரு கிராமத்துக்குப் போனார். அயர்லாந்துப் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் புத்தகம் போட்டார். 1951ல இறந்தார்.

ஃபோன்ல தாத்தாகிட்ட இந்தக் கதையைச் சுருக்கமா சொன்னேன். ராஸ், லீஷ்மன் யாரையும் அவர் கண்டுக்கலை.

"அந்தப் பட்டணத்துப் பையன் பொழச்சானாடா?"

"அப்ப மருந்தே கிடையாது தாத்தா. மருந்து வர்றதுக்கு இருவது வருஷம் ஆச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவனுக்கும் நம்மாளு வயசுதான்" என்றார். வாழைக்குத் தண்ணி விடணும்னு ஃபோனை வச்சுட்டார்.

பாட்டன் - க்ராக் புத்தகத்துப் படங்களைப் பத்தி அடுத்த பதிவுல தனியா எழுதறேன் மக்களே.